‘இன்னைக்கே முடிச்சிடலாம்’னு ஒத்துக்கிட்ட வேலை ஏன் முடியறதில்லை? துறைமுகம் சொல்லித் தரும் நேரக் கணக்கு

திருவொற்றியூரில் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் தொழிலாளி. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலத்துக்கு வந்து நிற்கும் மீன் வியாபாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கும் டிரைவர். தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண். இந்த நாலு பேருக்கும் பொதுவான பிரச்னை ஒன்று இருக்கிறது. காலையில் போட்ட கணக்கு வேறு, ராத்திரி முடிந்திருக்கும் வேலை வேறு.

‘எனக்கு நேரத்தைச் சரியா பயன்படுத்தத் தெரியல’ என்று நம்மையே நாம் திட்டிக்கொள்கிறோம். ஆனால் பல நேரங்களில் காரணம் சோம்பல் இல்லை. ஒரு நாளுக்குள் அடங்காத வேலையை, அடங்கும் என்று நம்பி ஒத்துக்கொண்டதுதான் காரணம்.

அப்படியானால் எவ்வளவு வேலை ஒத்துக்கலாம்? அதை எப்படிக் கணக்குப் போடுவது? கணக்குப் போட்டும் வேலை தாங்க முடியாத அளவு இருந்தால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

கப்பல் தளத்தை ஏன் முழுசாக நிரப்பக் கூடாது?

வடசென்னையின் ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். இன்னொரு பக்கம் எண்ணூரில் 2001-ல் திறக்கப்பட்ட காமராஜர் துறைமுகம். கப்பல் வந்து கட்டி நிற்கும் இடத்தைத் துறைமுகத்தில் ‘பெர்த்’ என்பார்கள். ஒரு பெர்த் காலியாக இருந்தால் நஷ்டம்தானே, எப்போதும் கப்பல் நின்றால்தானே லாபம் என்று தோன்றும்.

ஆனால் துறைமுகத் திட்டமிடலில் அப்படி நினைப்பதில்லை. அங்க்டாட் எனப்படும் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி அமைப்பு, துறைமுகங்களுக்காக வெளியிட்ட கையேட்டில் பொதுச் சரக்குத் தளங்களுக்கு ஒரு வரம்பு சொல்கிறது. மொத்த நேரத்தில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் பெர்த்தில் கப்பல் நிற்கலாம் என்பதுதான் அது.

• ஒரே ஒரு பெர்த் என்றால் 40 சதவீதம்
• 2 பெர்த் என்றால் 50 சதவீதம்
• 3 பெர்த் என்றால் 55 சதவீதம்
• 4 பெர்த் என்றால் 60 சதவீதம்
• 5 பெர்த் என்றால் 65 சதவீதம்
• 6 முதல் 10 பெர்த் வரை 70 சதவீதம்

பத்து பெர்த் இருந்தாலும் 70-க்கு மேல் போகாதே என்கிறது அந்தக் கணக்கு. ஏன்? கப்பல்கள் பஸ் மாதிரி சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஒரு நாள் மூன்று சேர்ந்தாற்போல் வரும், அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே வராது. ஒரு கப்பலில் சரக்கு இறக்க ஒரு நாள் ஆகும், இன்னொன்றில் மழை வந்து மூன்று நாள் இழுக்கும். பெர்த்தை முழுசாக நிரப்பி வைத்தால், இந்தக் கூடக்குறைச்சலைத் தாங்க இடமே இருக்காது. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் நாளை யோசித்துப் பாருங்க. வேலைகள் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒவ்வொன்றும் ஒரே நேரம் எடுப்பதும் இல்லை. செய்யப் போவது நீங்கள் ஒருத்தர்தான். அதாவது நீங்கள் ஒரே ஒரு பெர்த் இருக்கும் துறைமுகம். அதை 100 சதவீதம் நிரப்பிவிட்டு ‘ஏன் எல்லாம் தள்ளிப் போகுது’ என்று கேட்டால் எப்படி?

நிரம்ப நிரம்ப காத்திருப்பு எப்படிக் கூடுது?

வரிசைகளைப் பற்றிய கணிதம் இதைத் துல்லியமாகச் சொல்கிறது. வேலைகள் எப்போது வரும் என்று தெரியாது, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் மாறும், சராசரியாக ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். செய்பவர் ஒருவர் மட்டுமே. அப்போது புதிதாக வரும் ஒரு வேலை, கையில் எடுக்கப்படும் முன் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

• உங்கள் நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால்: 1 மணி நேரம்
• 60 சதவீதம் நிரம்பியிருந்தால்: ஒன்றரை மணி நேரம்
• 80 சதவீதம் நிரம்பியிருந்தால்: 4 மணி நேரம்
• 90 சதவீதம் நிரம்பியிருந்தால்: 9 மணி நேரம்

கவனிங்க. 80-லிருந்து 90-க்குப் போவது வெறும் 10 சதவீதம்தான். ஆனால் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ‘இன்னும் ஒரே ஒரு ஆர்டர்தானே, எடுத்துக்கலாம்’ என்று சொன்ன பிறகு எல்லாமே தலைகீழானது மாதிரி தோன்றுவதற்கு இதுதான் காரணம். அந்த ஒரு ஆர்டர் தன் நேரத்தை மட்டும் எடுக்கவில்லை. வரிசையில் இருந்த எல்லா வேலையையும் பின்னால் தள்ளிவிட்டது.

‘தொழிற்சாலையில மட்டும் லைன் நிக்காம ஓடுதே’ என்று கேட்கலாம். அங்கே அடுத்து என்ன பாகம் வரும், அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதை முன்கூட்டியே கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். கூடக்குறைச்சல் குறைவாக இருந்தால் அதிகம் நிரப்பலாம். வீடு, கடை, ரோடு, சொந்தத் தொழில் ஆகியவற்றில் அந்தக் கட்டுப்பாடு நம் கையில் இல்லை.

நம்ம கணக்கு ஏன் எப்பவும் குறைவாவே வருது?

இரண்டாவது சிக்கல் நம் மனசு. 1979-ல் டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘திட்டமிடல் மாயை’ என்று சொல்லலாம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், எல்லாம் நல்லபடியாகப் போகும் நாளை நினைத்தே நாம் பதில் சொல்கிறோம். போன முறை என்ன ஆச்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதன் சராசரி 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5 நாள். அதாவது ‘ரொம்ப மோசமாப் போனா’ என்று யோசித்துச் சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

நம் கையில் இல்லாத விஷயங்கள் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும். வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம், துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலை. 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றில் தூண்கள் அமைப்பது தொடர்பாக மாநில அரசு ஆட்சேபித்ததால் 2012-ல் பணி நின்றது. பிறகு திட்டமே மாற்றப்பட்டு, இரண்டடுக்குச் சாலையாக 2022 மே 26-ல் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் அடிக்கல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 13 ஆண்டுகள். இதை யாருடைய கணக்குப் பிழை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. அடுத்தவர் கையெழுத்து, அனுமதி, சப்ளை எதையாவது நம்பியிருக்கும் வேலைக்கு, நம் உழைப்பு நேரத்தை மட்டும் வைத்துத் தேதி சொல்லக் கூடாது.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம்.

படி 1: திட்டம் போடாதீங்க, முதல்ல ஒரு வாரம் எழுதிப் பாருங்க

பலரும் புது நோட்டு வாங்கி, காலை 5 மணி முதல் அட்டவணை போட்டுத்தான் தொடங்குவார்கள். மூன்றாவது நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், நடந்ததை மட்டும் எழுதுங்க. போனில் குறித்தாலும் போதும்.

எழுத வேண்டியவை நாலே நாலு:

• வீட்டு வாசலில் இருந்து வேலை இடத்தின் வாசல் வரை எவ்வளவு நேரம்? பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்த நேரம் மட்டும் இல்லை. ஸ்டாப்பில் நின்றது, ரயில்வே கேட்டில் நின்றது, ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்தது எல்லாம் சேர்த்து.
• ஒரு வேலையை எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடித்தீர்கள்?
• நடுவில் எது தடுத்தது? கரன்ட், தண்ணி லாரி, போன், உறவினர் வருகை, குழந்தைக்குக் காய்ச்சல்...
• எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?

ஏழு நாள் கழித்துப் பார்த்தால், உங்களுக்கே தெரியாத ஒன்றிரண்டு விஷயங்கள் கண்ணில் படும். உதாரணமாக, பயண நேரத்தில் சராசரியை விட, மோசமான நாளில் எவ்வளவு ஆனது என்பது முக்கியம். ஒரு வழியில் நாலு நாள் 35 நிமிடம், ஒரு நாள் 80 நிமிடம். இன்னொரு வழியில் தினமும் 45 நிமிடம். ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது. வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14-ல் மெட்ரோ நீட்டிக்கப்பட்டது இந்தப் பகுதி மக்களுக்கு உதவுவது வேகத்தில் மட்டும் இல்லை, டிராஃபிக் எப்படி இருந்தாலும் நேரம் மாறாது என்பதிலும்தான்.

படி 2: கையில் நிற்கும் நேரம் எவ்வளவு?

‘எல்லாருக்கும் 24 மணி நேரம்தான்’ என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாருக்கும் கையில் நிற்கும் நேரம் ஒன்று இல்லை. ஒரு ஷிஃப்ட் தொழிலாளியின் நாளை எடுத்துக்கொள்வோம்.

• வேலை, இடைவேளை சேர்த்து: 8.5 மணி நேரம்
• போய்வர: 2 மணி நேரம்
• தூக்கம்: 7 மணி நேரம்
• குளியல், சாப்பாடு, சமையல், தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது: 3 மணி நேரம்
• பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள்: 1.5 மணி நேரம்

மொத்தம் 22 மணி நேரம். மிச்சம் 2 மணி நேரம்.

இவர் ஒரு நாள் 4 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறார் என்றால், கையில் 2 மணி நேரம்தான் இருக்கிறது. இன்னொரு 2 மணி நேரம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தூக்கத்தில் இருந்து, அல்லது பிள்ளைகளிடம் இருந்து. பணத் தேவை இருக்கும்போது அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எதை விற்று எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாக வரும். சமையலும் தண்ணீரும் பிள்ளைகளும் ஒருவர் தலையிலேயே விழுந்தால், அந்த மிச்சம் 2 மணி நேரமும் இருக்காது. பெர்த் கணக்கு இங்கேயும் உதவும். ஒரு பெர்த்துக்கு 40 சதவீதம்தான் தாங்கும், இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் 50 சதவீதம் வரை தாங்கும் என்று பார்த்தோம். எது காலியோ அங்கே கப்பல் போய்விடலாம் என்பதுதான் காரணம். வீட்டிலும் அப்படித்தான். ‘இது உன் வேலை, அது என் வேலை’ என்று பிரிப்பதை விட, இரண்டு பேருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருந்தால் வேலை தேங்குவது குறையும்.

படி 3: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம்? மனசைக் கேட்காதீங்க

திட்டமிடல் மாயையில் இருந்து தப்பிக்க ஆய்வாளர்கள் சொல்லும் எளிய வழி, ‘இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும்’ என்று யோசிக்காமல் ‘இதே மாதிரி வேலைக்கு இதுக்கு முன்னாடி எவ்வளவு ஆச்சு’ என்று பார்ப்பது.

வீட்டில் தைக்கும் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று அவர் மனசு சொல்கிறது. எழுதி வைத்ததைப் பார்த்தால் கடைசி மூன்று பிளவுஸுக்கு இரண்டரை, மூன்று, நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் இனி கணக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கொக்கி வைப்பது, அயர்ன் செய்வது, வாடிக்கையாளர் வந்து அளவு மாற்றிச் சொல்வது எல்லாம் அதற்குள் அடக்கம்.

புதிய வேலை, முன் அனுபவம் இல்லை என்றால்? அதை ஏற்கெனவே செய்த ஒருவரிடம் ‘உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு’ என்று கேளுங்க. ‘எத்தனை நாள் ஆகும்’ என்று கேட்காதீங்க. இரண்டுக்கும் பதில் வேறாக வரும்.

படி 4: எத்தனை வேலை ஒத்துக்கலாம்?

தீபாவளிக்கு இன்னும் 10 நாள். அதே பெண் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் மெஷினில் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 மணி நேரம்.

• மனசு போடும் கணக்கு: 50-ஐ 2-ஆல் வகுத்தால் 25 பிளவுஸ்.
• நோட்டுப் போடும் கணக்கு: 50 மணி நேரத்தில் 60 சதவீதத்தை மட்டும் நிரப்பினால் 30 மணி நேரம். அதை 3-ஆல் வகுத்தால் 10 பிளவுஸ்.

25 எங்கே, 10 எங்கே! மனசு சொன்னதைக் கேட்டு 25 துணி வாங்கி வைத்தால், பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அவசரத்தில் வெட்டிய துணி கெட்டுப் போனால் கைக்காசும் போகும்.

மிச்சம் 40 சதவீதம், அதாவது 20 மணி நேரம், வீண் இல்லை. கரன்ட் போகும், ஊசி உடையும், மழை பெய்யும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும். எதுவும் நடக்காமல் எல்லாம் சீக்கிரம் முடிந்தால், எட்டாவது நாள் இன்னும் நாலு பிளவுஸ் வாங்கிக்கொள்ளலாம். முதலில் மறுத்துவிட்டுப் பிறகு ‘முடியும், கொடுங்க’ என்று சொல்வதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

60 சதவீதம் என்பது எல்லாருக்குமான விதி இல்லை, தொடங்குவதற்கு ஓர் அளவு. வேலை எப்போது வரும் என்பது ஓரளவு தெரிந்தவர்கள் 70 வரை போகலாம். திடீர் அழைப்பிலேயே பிழைப்பு நடத்தும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், டிரைவர் போன்றவர்கள் 50-ல் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம்.

படி 5: ‘முடியாது’ன்னு எப்படிச் சொல்றது?

பாதிப் பேருக்கு இதுதான் தலைவலி. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், சூப்பர்வைசர், பழைய வாடிக்கையாளர்... யாரிடம் மறுப்பது? வெறும் ‘முடியாது’ என்பதற்குப் பதிலாக ஒரு தேதியையோ ஒரு தேர்வையோ கொடுத்தால் பேச்சு முறியாது.

• வாடிக்கையாளரிடம்: ‘நாளைக்கு ஆகாதுக்கா. வியாழக்கிழமை சாயங்காலம்னா கண்டிப்பா தர்றேன்.’
• சூப்பர்வைசரிடம்: ‘செய்யறேன் சார். இதை எடுத்தா காலைல குடுத்தது நாளைக்குப் போகும். எது முதல்ல வேணும்னு சொல்லுங்க.’
• சொந்தக்காரர்களிடம்: ‘இந்த வாரம் நைட் ஷிஃப்ட் மாமா. ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுத் தர்றேன்.’

‘பார்க்கலாம்’, ‘ட்ரை பண்றேன்’ இரண்டையும் தவிர்த்துவிடுங்க. சொல்கிறவருக்கு அது ‘முடியாது’, கேட்கிறவருக்கு அது ‘சரி’. சண்டை தொடங்குவது அங்கேதான்.

காத்திருப்பது ஓய்வு ஆகுமா?

துறைமுக வாசலுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது எண்ணூர் விரைவுச் சாலையில் பல ஆண்டுகளாகப் பார்க்கும் காட்சி. ‘சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க’ என்று கடந்து போகிறவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் முன்னால் உள்ள வண்டி எப்போது நகரும் என்று தெரியாமல் ஸ்டியரிங் பின்னால் இருப்பது ஓய்வு இல்லை. தூங்க முடியாது, இறங்கிப் போக முடியாது. உள்ளே போய் இறக்கி ஏற்றி வெளியே வந்த பிறகுதான் நிஜமான ஓட்டமே தொடங்குகிறது.

இதில் உயிர் ஆபத்து இருக்கிறது. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டு குடிக்காமலேயே, காலை 5 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 10 மணிக்கு அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் ஓட்டுகிறார் என்று அர்த்தம்.

ஆகவே டிரைவர்களும், அவர்களுக்கு டிரிப் போடும் உரிமையாளர்களும் கணக்கைக் கிலோமீட்டரில் தொடங்காமல், எழுந்த நேரத்தில் இருந்து தொடங்க வேண்டும். ‘வண்டி எத்தனை மணி நேரம் ஓடுச்சு’ என்பது வண்டிக்கான கேள்வி. ‘டிரைவர் எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கார்’ என்பதே பாதுகாப்புக்கான கேள்வி.

தடைக்காலம் சொல்லித் தருவது

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. வருமானம் நின்றுபோவதால் மீனவர்களுக்கு இது கஷ்டமான காலம்தான். ஆனால் காசிமேட்டில் அந்த நாட்களில்தான் படகுகள் கரையேற்றப்பட்டு, மரவேலை, இன்ஜின் வேலை, பெயின்ட், வலை பின்னுதல் எல்லாம் நடக்கும். பழுது பார்க்க ஒரு காலம் காலண்டரிலேயே இருக்கிறது.

நம்மில் பலருடைய வாரத்தில் அப்படி ஒரு நேரம் இல்லை. மெஷினுக்கு எண்ணெய் போடுவது, கணக்கு எழுதுவது, பேங்க் வேலை, பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பது எல்லாம் ‘நேரம் கிடைக்கும்போது’ என்ற பட்டியலில் கிடக்கும். அவை ஒரு நாள் பெரிய செலவாக வந்து நிற்கும். வாரத்தில் அரை நாளை இதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கி, அதில் ஆர்டரோ டிரிப்போ எடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லாம் நம்ம திட்டமிடல் தப்புதானா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 8 மணி நேரத்தில் முடியாத வேலையை 8 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால், எந்த நோட்டும் எந்த செயலியும் காப்பாற்றாது. அங்கே தேவைப்படுவது இன்னொரு ஆள். வேலை நேரம் தனிமனிதரின் பழக்கம் மட்டும் இல்லை, உரிமையும்கூட. அந்த உரிமைப் போராட்டத்தில் வடசென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவான இது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மதிய இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்கள் முதலில் எழுப்பிய குறைகளில் ஒன்று. ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே 1-ல், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

சரியாக 100 ஆண்டுகள் கழித்து அதே விஷயம் மறுபடி பேசுபொருள் ஆனது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டப்பேரவையில், தொழிற்சாலைகளுக்கு வேலை நேர விதிகளில் விலக்கு அளிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று பேசப்பட்டது இதுதான். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24-ல் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

இப்போதைய நிலை என்ன? 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களுக்குப் பதிலாக, 2020-ல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள முக்கியமான அம்சங்கள்:

• ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை.
• வாரத்துக்கு 6 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
• ஓவர்டைம் என்றால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.
• ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு ஊதியம்.
• ஓர் ஆண்டில் 180 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு.

பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களுக்கு இந்தத் தொகுப்பு பொருந்தும். வீட்டில் தைப்பவர், மீன் விற்பவர், சிறிய பட்டறையில் இருப்பவர் பலர் இதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு வேலை நேரத்தின் எல்லையை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதால்தான், மேலே சொன்ன நோட்டுக் கணக்கு அவர்களுக்கு இன்னும் முக்கியமாகிறது.

அதிக நேர வேலை உடம்பை என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய இந்த இரண்டு காரணங்களால் உலகம் முழுக்க சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது.

48 மணி நேர வாரத்தில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகப் பார்த்தாலே 55-ஐத் தாண்டிவிடும். அதாவது இது எங்கேயோ, யாருக்கோ நடக்கும் விஷயம் இல்லை.

சுருக்கமாக...

• முதல் வாரம் திட்டம் வேண்டாம். நடப்பதை எழுதுங்க.
• 24-ல் இருந்து தொடங்காதீங்க. வேலை, பயணம், தூக்கம், வீடு போக மிச்சத்தில் இருந்து தொடங்குங்க.
• ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை, கடைசி மூன்று முறை ஆனதை வைத்துச் சொல்லுங்க.
• மிச்ச நேரத்தில் 60 சதவீதத்தை மட்டும் நிரப்புங்க.
• ‘பார்க்கலாம்’ வேண்டாம், தேதி சொல்லுங்க.
• டிரைவர் என்றால், எழுந்து 17 மணி நேரம் ஆகும் முன் வண்டியை ஓரங்கட்டுங்க.
• வாரத்தில் அரை நாள் பழுது பார்க்க.
• இவ்வளவு செய்தும் வேலை தாங்கவில்லை என்றால், அது உங்கள் தப்பு இல்லை. எழுதி வைத்த நோட்டோடு போய் சூப்பர்வைசரிடமோ சங்கத்திடமோ பேசுங்க. ‘ரொம்ப வேலையா இருக்கு’ என்பதைவிட, ‘போன வாரம் 61 மணி நேரம் ஆச்சு, இதோ நாள்வாரியா இருக்கு’ என்று காட்டினால் யாராலும் எளிதில் மறுக்க முடியாது.